முனிலட்சுமி பார்த்த கோழி

வேப்பமரத்தடியில் மூன்று மூங்கில் கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுற்றி நின்ற பெண்கள் கூடைச் சந்துகளில் கண்ணை வைத்து உள்ளே இருந்த கோழிகளைப் பார்த்தார்கள். நாகம்மா மட்டும் கோழிகளைப் பார்க்கவில்லை. தன் ஓரகத்தி முனிலட்சுமி எந்தக் கூடையைப் பார்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்திகிரி கூட்ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருந்தது அவர்கள் ஊர். நாகம்மா மூத்த மருமகள். அவள் புருஷன் தீர்த்தகிரிக்கு நிலம்தான் உலகம். ராகியும் அவரையும் போடுவார். மழை வந்தால் நாலு வார்த்தை பேசுவார், வராவிட்டால் அதுவும் இல்லை. அவர் தம்பி நாராயணப்பனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாமியார் போன பிறகு வீட்டின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாகம்மா விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் முனிலட்சுமியின் குக்கர் விசிலடிக்கும். பிறகு டிவி வந்தது. கண்ணாடி வைத்த நீலநிற ஸ்டீல் பீரோ வந்தது. அதை வண்டியிலிருந்து இறக்க நாகம்மாவும் ஒரு கை பிடித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் களி கிளறிய வேகத்தில் களிக்கோல் இரண்டாக முறிந்தது.

கோழியில் மட்டும் நாகம்மாவை மிஞ்ச ஆளில்லை. அடைக்கு எந்த முட்டை ஆகும், எது ஆகாது என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கேட்டுப்போவார்கள். அந்த ஒன்றில்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். இப்போது முனிலட்சுமியும் கோழி வாங்க வந்து நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கோழிகளைக் கொண்டுவந்தவர் கால்நடை டாக்டர் ஜோதியம்மாள். மதுரைப் பக்கத்துக்காரர். ஊரில் எல்லாருக்கும் டாக்டரம்மா. அவருக்குப் பழைய நாட்டுக்கோழிகள் மேல் ஒரு பைத்தியம். லீவு நாளெல்லாம் மலையூர்களில் அலைந்து கோழி சேர்ப்பார்.

"எந்த ஊருக்குப் போனாலும் வெள்ளைச் சேவலா நிக்குதும்மா," என்றார் டாக்டரம்மா. "அது கூடக் கலந்து கலந்து நம்ம பழைய சாதிக்கோழி எல்லாம் இருந்த இடம் தெரியாமப் போகுது. இந்தக் கட்டைக்கால் கோழி அஞ்செட்டி மலைக்குள்ள ரெண்டே வீட்லதான் கிடைச்சுது. நீங்க ஆளுக்கு ஒரு சாதி எடுத்துக்கங்க. ஒரு சேவல், ரெண்டு பெட்டை. வேற சேவல் அண்டவிடாம வளர்க்கணும். குஞ்சு பெருகினதும் அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. முட்டை பொரிக்கலைன்னா, நோய் வந்தா, ஒளிக்காம எனக்குச் சொல்லி அனுப்புங்க."

முதல் கூடையில் பெருவிடைச் சேவல், கழுத்தை நீட்டி நின்றது. இரண்டாவதில் கிராப்புக் கோழிகள். கழுத்தில் ஒரு இறகு இல்லை. செக்கச்செவேலென்று வெறும் தோல். பார்த்த பெண்கள் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். மூன்றாவதில்தான் கட்டைக்கால் கோழிகள். கால் இருக்கிறதா என்று தேட வேண்டும். வயிறு தரையை உரச, படகு போல அசைந்து அசைந்து நடந்தன. செவலை நிறம். நாகம்மா வளர்க்க வேண்டுமென்று மனதில் வைத்து வந்தது பெருவிடையைத்தான்.

முனிலட்சுமி மூன்றாவது கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் குழந்தையைப் பார்த்த முகம் போல ஆனது.

"மூத்தவங்க நீங்க, முதல்ல எடுங்க நாகம்மா," என்றார் டாக்டரம்மா.

"கட்டக்கால் குடுங்க," என்றாள் நாகம்மா.

முனிலட்சுமி திரும்பி ஒரு தடவை பார்த்தாள். எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு, "அப்ப எனக்குக் கிராப்பு குடுங்க டாக்டரம்மா. பாவம், அத யாரும் கேக்கல," என்றாள்.

அன்று முழுவதும் நாகம்மாவுக்கு ஒரு சந்தோஷம். பண்டிகைச் சேலை கட்டிக்கொண்டது போல ஊருக்குள் நடந்தாள்.

அந்தச் சந்தோஷம் முதல் அடை வரைக்கும்தான் நின்றது. நல்ல முட்டையாகப் பொறுக்கி வைத்தும் மூன்று நான்கு கூமுட்டையாகப் போயின. உடைத்தால் குப்பென்று நாற்றம். நாகம்மா வைத்த அடையில் இப்படி ஆனதே கிடையாது. பொரித்தவற்றிலும் சில குஞ்சுகள் மற்ற கோழிக்குஞ்சுகள் மாதிரி நெட்டைக் காலோடு எழுந்து ஓடின. அவற்றைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. சாதி கெட்டுப் போய்விட்டது என்று, வளர்ந்ததும் குழம்பில் போட்டாள். அடுத்த அடையிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் கிராப்புக் கோழிகள் பெருகின. வெறும் கழுத்தோடு குஞ்சுகள் ஒரு கும்பலாகத் தாய்க்குப் பின்னால் ஓடும். சித்திரை வெயிலில் ஊர்க்கோழிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடந்தபோது அவை மட்டும் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தன. நாராயணப்பன் கம்பி வலை வாங்கிவந்து நல்ல அடைப்பாகக் கட்டிக்கொடுத்தான். சிரித்த பெண்களே இப்போது வேலிப் பக்கம் நின்று, "எனக்கு ரெண்டு குஞ்சி ஒதுக்கி வை முனிலட்சுமி," என்று கேட்டார்கள். கோழிக்கு என்ன மருந்து, என்ன தீனி என்றுகூட அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். வழக்கமாக நாகம்மாவிடம் கேட்டவர்கள்.

டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பு என்று தீர்த்தகிரி சொன்னார்.

"எதுக்கு? அவ வீட்ல பொரிக்குது, எங்க வீட்ல பொரிக்கலன்னு நானே ஊருக்குத் தமுக்கடிக்கவா?" என்று எரிந்து விழுந்தாள்.

டாக்டரம்மா வரும்போதெல்லாம், "நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க," என்று வாசலோடு அனுப்பிவிடுவாள்.

காரணம் அவளுக்குத் தெரியும் என்றே நினைத்தாள். வேப்பமரத்தடியில் முனிலட்சுமி உட்கார்ந்து பார்த்த பார்வை. ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன கண். அது சும்மா விடுமா? ஒரு வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்து அடைக்கூடையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கொஞ்சமும் நெடி ஏறவில்லை. கண் பட்டிருக்கிறது என்று நம்ப அவளுக்கு அது போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு முனிலட்சுமி இந்தப் பக்கம் தலை காட்டினால் நாகம்மா அடைக்கூடை மேல் கோணிச்சாக்கை இழுத்து மூடுவாள்.

"குஞ்சிங்க எப்பிடிக்கா இருக்குது? ஒருவாட்டி பாக்கட்டுமா?"

"தூங்குது," என்பாள் நாகம்மா.

வைகாசி முடியும் சமயத்தில் டாக்டரம்மா ஒரு கேமராக்காரரோடு வந்தார். கிருஷ்ணகிரியில் விவசாயக் கண்காட்சி நடக்கப்போகிறது, அதில் தாயும் குஞ்சுமாக ஒரு கோழிக் குடும்பத்தை வைக்க வேண்டும், முனிலட்சுமியின் கிராப்புக் கோழிதான் அதற்குச் சரி என்றார். முனிலட்சுமி கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சேவலை மடியில் வைத்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்களும் வாங்க, சேந்து எடுத்துக்கலாம்," என்று கூப்பிட்டாள். நாகம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். போட்டோ சட்டம் போட்டு டிவிக்கு மேலே தொங்கியது. ஜன்னல் திறந்திருந்தால் நாகம்மா வீட்டு வாசலிலிருந்தே தெரியும்.

கண்காட்சிக்குக் குஞ்சுகள் சின்னதாக இருந்தால்தான் அழகு, புதிதாக ஒரு அடை வை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் முனிலட்சுமிக்கு ஊத்தங்கரையில் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து வந்தது. நாராயணப்பனும் அவளும் கிளம்பினார்கள். கிளம்பும்போது முனிலட்சுமி சாவியோடு வந்தாள்.

"அக்கா, நாலு நாள்ல வந்துடுவோம். கோழிங்களுக்கு ராகியும் தண்ணியும் மட்டும் வெச்சிடுங்க. முட்டய எடுத்து எங்க வீட்டுத் தவிட்டுக் கூடையில போடுங்க. உங்களவிட யாரு நல்லா பாத்துக்குவாங்க?"

நாகம்மா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் செய்தாள். தீனி போட்டாள், தண்ணி மாற்றினாள், முட்டைகளைத் தவிட்டில் வைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் தவிட்டுக் கூடைக்கு முன்னால் நின்றபோது, திறந்திருந்த கதவு வழியாக அந்தப் போட்டோ கண்ணில் பட்டது. முனிலட்சுமி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாகம்மா வெளியே வந்தாள். கட்டைக்கால் கோழிகள் பக்கம் அண்டாதபடி தன் வீட்டுக் கொட்டகையில் தனியே கட்டியிருந்த வெள்ளைச் சேவலைப் பிடித்தாள். முட்டைக்காக வாங்கிய வெள்ளைக் கோழிகளோடு வந்த சேவல் அது. கம்பி வலைக் கதவைத் திறந்து அதை உள்ளே விட்டு, கிராப்புச் சேவலை ஒரு கூடையில் அடைத்து வைத்தாள். வெள்ளைச் சேவல் இறக்கையைத் தாழ்த்தி ஒரு சுற்றுச் சுற்றியது. பெட்டைகள் முதலில் ஓடின. அப்புறம் ஓடவில்லை.

அவள் நெஞ்சுக்குள் நெடுநாளாக அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. முனிலட்சுமி திரும்பி வந்த அன்று காலை சேவல்களை மாற்றி, தரையைக் கூட்டி, விழுந்து கிடந்த வெள்ளை இறகுகளையும் பொறுக்கி எடுத்தாள்.

முனிலட்சுமி ஊத்தங்கரையிலிருந்து அதிரசமும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்து கொடுத்தாள். "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கறீங்கக்கா," என்றாள்.

அந்த வாரத்திலேயே டாக்டரம்மா வந்தார். முனிலட்சுமி வீட்டுக்கு வந்தவர், நாகம்மா தடுப்பதற்குள் இந்தப் பக்கமும் நுழைந்துவிட்டார். குப்பைமேட்டில் அன்றைக்கு எறிந்த கூமுட்டை ஓடுகள் கிடந்தன. குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

நாகம்மாவால் மறைக்க முடியவில்லை. "மொதல் அடையிலருந்தே அப்பிடித்தாங்க. கண்ணு பட்டுப் போச்சி."

"நெட்டைக் கால் குஞ்சும் வருதா?"

"வருதுங்க. சாதி கெட்டுப் போச்சின்னு அறுத்துட்டேன்."

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தச் சாதியே அப்படித்தான் நாகம்மா. தாயும் கட்டைக்கால், தகப்பனும் கட்டைக்கால்னா, ரெண்டு பக்கத்துக் கட்டைத்தனமும் சேர்ந்து விழுற முட்டையில குஞ்சு நிக்காது. செத்துரும். நாலுல ஒண்ணு அப்படிப் போகும். அதுக்குத்தான் பொரிக்கலைன்னா சொல்லி அனுப்புங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். நீங்க அறுத்தீங்களே நெட்டைக் கால், அதுல ஒரு சேவலை வளர்த்துக் கட்டைக்கால் பெட்டையோட விட்டிருந்தா ஒரு முட்டைகூட இப்படிப் போயிருக்காது. பாதிக் குஞ்சு கட்டைக்காலாவே வந்திருக்கும்."

"அப்ப யாரும் எதுவும் செய்யலீங்களா?"

"யாரு செய்யப் போறா?"

டாக்டரம்மா போன பிறகும் நாகம்மா குப்பைமேட்டிலேயே நின்றாள். இத்தனை மாதமாக முனிலட்சுமியின் கண்ணில் அவள் பார்த்த விஷம் அங்கே இல்லவே இல்லை. இவள் செய்தது மட்டும்தான் மிச்சம். பக்கத்து வீட்டில் முனிலட்சுமி தவிட்டுக் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து அடைக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

நாகம்மா சுவரைச் சுற்றிப் போனாள். "முனி, இந்தத் தடவ வெக்காத. ஊருக்குப் போயிருந்தப்ப எடுத்த முட்ட. வெயில்ல கெட்டிருக்கும். அடுத்த மாசம் வெச்சிக்கலாம்."

"அடுத்த மாசம் வெச்சா கண்காட்சி முடிஞ்சிடும்கா."

"நான் கோழி பாத்தவ, சொல்றேன் கேளு."

முனிலட்சுமி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. "கண்காட்சிக்கு எங்க கோழி போறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லியாக்கா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் நாகம்மா, "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடை பொரிக்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தீர்த்தகிரி உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பொரித்த அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயோ, என்னா இது!" என்று முனிலட்சுமியின் குரல் கேட்டது. நாகம்மா போய்ப் பார்த்தாள். குஞ்சுகள் வெளுத்த மஞ்சளாக இருந்தன. வெறுங்கழுத்து அரைகுறையாக, முன்பக்கம் மட்டும் ஒரு கொத்து மயிரோடு நின்றது. பார்த்தாலே தெரிந்தது, கலப்பு.

முனிலட்சுமி அழுதாள். வலையில் எங்கே ஓட்டை என்று அடைப்பைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். தான் ஊருக்குப் போயிருக்கக் கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செய்தி தெரிந்து வந்த டாக்டரம்மா குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"பெரிய கோழிங்களுக்கு ஒண்ணும் ஆகலை முனிலட்சுமி. இனிமே வர்ற முட்டையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். ஆனா கண்காட்சிக்கு இந்தக் குஞ்சுகளைக் காட்ட முடியாதே." பிறகு நாகம்மா பக்கம் திரும்பினார். "உங்க கட்டைக்கால் தாயும் குஞ்சும் இருக்குல்ல? அதைக் கொண்டுபோயிடலாம்."

நாகம்மா இத்தனை நாள் கேட்க நினைத்த வார்த்தை அது.

"நல்லதுக்கா," என்றாள் முனிலட்சுமி. சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கண்ணைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். அந்த முகத்தை நாகம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பீரோ இறங்கிய அன்றும் போட்டோ எடுத்த அன்றும் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டரம்மாவின் வண்டி பாதை திரும்பி மறைந்ததும் நாகம்மா சொன்னாள்.

"நான்தான் உட்டேன்."

"எத?"

"வெள்ளச் சேவல. நீ ஊத்தங்கரைக்குப் போனப்ப. உன் சேவலக் கூடையில மூடிட்டு, நானே தூக்கி உட்டேன்."

முனிலட்சுமி கத்தினது தெருக்கோடி வரை கேட்டது. "சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போனேனே! வளையல் வாங்கியாந்தேனே! உங்களுக்கு நான் என்னாக்கா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. என் முட்ட கெட்டதுக்கு உன் கண்ணுதான் காரணம்னு நெனச்சிக்கினேன். நீ அந்தக் கட்டக்காலுக்கு ஆசப்பட்டதப் பாத்துதான் நான் அத எடுத்தேன். எனக்கு அது வேணும்னு இல்ல."

"தெரியும்," என்றாள் முனிலட்சுமி.

நாகம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியும். வயிறு எரிஞ்சிதான் வீட்டுக்கு வந்தேன். உங்க முட்ட கூமுட்ட ஆவுதுன்னு தெரிஞ்சப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சிக்கா. குப்பையில ஓடு கெடக்குதான்னு தெனம் எட்டிப் பாப்பேன். கெடந்தா அன்னிக்கெல்லாம் மனசு லேசா இருக்கும்." அவள் மூக்கைச் சிந்தினாள். "இந்த வீட்டுக்கு வந்த நாளா, எது வெச்சாலும் அண்ணி வெக்கற மாதிரி இல்லன்னு உங்க கொழுந்தன் தட்டத் தள்ளிட்டுப் போவாரு. குக்கர் வாங்கினா, அண்ணி களிக்கு ஈடாவுமாம்பாரு. டிவி வாங்கினேன், பீரோ வாங்கினேன். அவரு சாப்பிட்டுட்டு உங்க வாசல்ல வந்துதான் ஒக்காந்துக்கறாரு. கோழியிலயாச்சும் உங்கள ஜெயிக்கணும்னுதான் அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட வந்தேன்."

நாகம்மாவுக்கு இது புதுசு. நாராயணப்பன் சாயங்காலம் வாசலில் வந்து உட்கார்ந்து அண்ணனோடு பேசுவதை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. தன்னிடம் அடுத்தவர் ஆசைப்பட ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஆனா நான் உங்க கூடையத் தொடல," என்றாள் முனிலட்சுமி. "மனசுல நெனச்சதோட சரி. நீங்க கைய வெச்சீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் நாகம்மா மத்திகிரிக்கு நடந்து போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா முகம் சிவந்து, "உங்களை நம்பித்தானே கொடுத்தேன்," என்றார். கோழிகளைத் திருப்பிக் கேட்பாரோ என்று நாகம்மா பயந்தாள். கேட்டாலும் கொடுப்பது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தாள்.

"என் கோழி மட்டும் போறது நாயமில்லீங்க," என்றாள். "குஞ்சி இல்லன்னாலும் அவ சேவலும் பெட்டையும் சுத்தமாத்தான இருக்குது. அதையும் வெக்கணும். இல்லன்னா என்னுதும் வேணாம்."

டாக்டரம்மா அதற்குச் சம்மதித்தார். ஆனால் முனிலட்சுமி முதலில் வர மறுத்தாள். நாராயணப்பன் விஷயம் தெரிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டான். தீர்த்தகிரி ஒரு வார்த்தை திட்டவில்லை. கலப்புக் குஞ்சுகளையெல்லாம் தன் கொட்டகைக்கு மாற்றி, வெள்ளைச் சேவலைச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். கடைசியில் கண்காட்சிக்கு முந்தின நாள், டாக்டரம்மாவே வந்து முனிலட்சுமியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். வேனில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கோழிக்கூடைகளோடு கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். சூளகிரி தாண்டி ஒரு பள்ளத்தில் வேன் குலுங்கியபோது கட்டைக்கால் கூடை சாய்ந்தது. முனிலட்சுமி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை இறங்கும் வரை எடுக்கவில்லை.

கண்காட்சியில் கட்டைக்கால் கோழியைப் பார்த்தவர்கள், "அட, வாத்து மாதிரி நடக்குது," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கூட்டமெல்லாம் கிராப்புக் கோழிக்குத்தான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் கன்னடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டது. தர்மபுரிப் பக்கத்து விவசாயிகள் வெயில் தாங்குமா, நோய் வருமா என்று கேட்டார்கள். அத்தனை பேர் சூழ்ந்துகொண்டதில் முனிலட்சுமிக்குப் பேச்சு வரவில்லை. வியர்த்துப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நாகம்மா தன் கூடையை விட்டுவிட்டு நடுவில் வந்தாள். "கிராப்புக் கோழிங்க. கழுத்துல எறகு இல்லாததால சூடு தங்காது. சித்திரையில கூட முட்ட நிறுத்தல. இவங்க வளத்ததுதான், எங்க ஓரகத்தி. வேற சேவல் அண்டக் கூடாது. அதுதான் முக்கியம்," என்று ஆரம்பித்து, கேட்டவருக்கெல்லாம் தமிழில் பாதி, கன்னடத்தில் பாதியாகச் சொன்னாள். கூட்டம் முனிலட்சுமியைப் பார்த்துத் தலையாட்டியபோதெல்லாம் நாகம்மாவுக்குப் பொறாமை சுருக்கென்று தைத்தது. அது போய்விடும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் தெரிந்ததில் ஒன்றையும் விடாமல் சொன்னாள். இடையில் கன்னட வார்த்தை ஒன்று தட்டியபோது, பின்னாலிருந்து முனிலட்சுமி மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.